கடலில் எண்ணெய், கரையில் ஆயத்தம்

2020ஆம் ஆண்டு செப்டெம்பர் 3ஆந் திகதி, குவைத்திலிருந்து இந்தியாவின் பாரதீப் துறைமுகத்தை நோக்கி ஏறக்குறைய 270,000 தொன் மசகெண்ணெயைச் சுமந்து சென்றுகொண்டிருந்த ‘நியூ டயமண்ட்’ என்னும் பெருங்கப்பலின் இயந்திர அறையில் தீப் பற்றியபோது, அது அம்பாறை மாவட்டத்துச் சங்கமன்கண்டி முனையிலிருந்து 38 கடல் மைல் தூரத்தில் இருந்தது. மாலுமி ஒருவர் உயிரிழந்தார்; ஏனைய 22 பேரும் மீட்கப்பட்டனர். இலங்கைக் கடற்படையும் விமானப்படையும் இந்தியக் கரையோரக் காவற்படையின் கப்பல்களும் சேர்ந்து போராடி அணைத்த தீ, மறுபடியும் ஒரு முறை மூண்டு, ஏறத்தாழ ஒரு வாரத்தின் பின்னரே முற்றாக அடங்கிற்று. கப்பலின் சொந்த எரிபொருளில் ஒரு பகுதி கசிந்து கடலிற் படலமாய்ப் பரந்ததேயன்றி, சரக்கறைகளில் இருந்த மசகெண்ணெய் தப்பிற்று. 1989இல் அலாஸ்காவின் கரைகளைக் கெடுத்து உலகத்தையே திகைக்க வைத்த ‘எக்ஸ்சன் வல்டெஸ்’ கப்பலிலிருந்து கொட்டியது ஏறக்குறைய 37,000 தொன். அதனைப்போல் ஏழு மடங்கு எண்ணெய், தீக்குப் பக்கத்திலே, நமது கிழக்குக் கரைக்கு அப்பால் அத்தனை நாள் மிதந்துகொண்டிருந்தது. அப்போது சோளகம் வீசும் பருவமாதலால் காற்று கரையை விட்டு வெளியே வீசிற்று; கப்பலைக் கிழக்கே இழுத்துச் செல்லவும் அவகாசம் கிடைத்தது. காற்றின் தயவினால் ஒரு முறை பிழைத்த தேசம், காற்று எதிராக வீசும் நாளில் எதனை நம்பி நிற்கும் என்பதுதான் நாம் ஆராய வேண்டிய விஷயம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டாருக்கு இதிலே என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கக்கூடும். பாக்கு நீரிணை ஆழமற்றது. பெருங்கப்பல்கள் அதனுள்ளே நுழைய மாட்டாமல் இலங்கையைத் தெற்கே சுற்றித் தெய்வேந்திரமுனையைக் கடந்து போகின்றன. 2005இல் தொடங்கப்பெற்ற சேதுசமுத்திரத் திட்டம் நிறைவேறியிருந்தால் கப்பற்பாதை நம் வாசலண்டை வந்திருக்கும். அதுவும் இடைநடுவில் நின்றுபோயிற்று. ஆயினும், தூரத்தில் நேர்ந்த விபத்து நம் கரைக்கு வந்து சேர்வதற்குக் கப்பற்பாதை அருகே இருக்கவேண்டும் என்ற நியதி இல்லை. 2025 மே 25ஆந் திகதி கேரளக் கரைக்கப்பால் மூழ்கிய ‘எம்.எஸ்.சி. எல்சா 3’ என்னும் கொள்கலன் கப்பலிலிருந்து சிதறிய பிளாஸ்ரிக் குருணிகள், குமரிமுனையையும் இராமேசுவரத்தையும் தொட்டு, அடுத்த மாதமே மன்னார் முதலான நமது கரைகளில் ஒதுங்கின. நாகபட்டினத்தை அடுத்த பட்டினச்சேரியில் 2023 மார்ச்சு மாதத்தில் எண்ணெய்க் குழாய் உடைந்து மசகெண்ணெய் கடலிற் கலந்தது. 2006 டிசெம்பரில், அரிசி ஏற்றிவந்த ‘ஃபாரா 3’ என்னும் ஜோர்தானியக் கப்பல், இயந்திரம் பழுதாகி முல்லைத்தீவுக் கரையிலே தட்டிற்று. வாடைக்காலத்தில், வங்காள விரிகுடாவின் மறுகரையிலிருந்து மிதந்துவரும் மூங்கில் தெப்பங்கள் வடமராட்சி கிழக்கில் ஒதுங்குவதைக் கண்டவர்களுக்கு, எண்ணெயும் அவ்வழியே வரலாம் என்று எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

எண்ணெயின் பிரயாணத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. நீரோட்டத்தின் வேகம் முழுவதையும், காற்றின் வேகத்தில் நூற்றுக்கு மூன்று பங்கையும் ஏற்றுக்கொண்டு அது நகரும் என்பது பல விபத்துக்களின் அனுபவத்தால் பெறப்பட்ட முடிபு. வடக்கிலிருந்து மணிக்கு 20 கடல் மைல் வேகத்தில் வாடை வீசுமானால், காற்று ஒன்றே எண்ணெயை நாளொன்றுக்கு 14 கடல் மைலுக்குமேல் தள்ளிவிடும். நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடைத்தூரம் ஏறக்குறைய 60 கடல் மைல். ஆகவே நான்கு நாள், நீரோட்டமும் தெற்கு நோக்கி ஓடினால் அதனினும் குறைவு. கோடிக்கரைக்கு அண்மையில் விபத்து நேர்ந்தால் அந்த அவகாசமும் பாதியாகிவிடும்.

கொட்டிய எண்ணெய் கடலில் ஒரே தன்மையாய் இருப்பதில்லை. பெற்றோல், மண்ணெண்ணெய் போன்றவை பெரும்பாலும் ஆவியாகிப் போய்விடும். அவற்றாலாகும் அபாயம் தீயும் நச்சாவியுமே. மசகெண்ணெயில் இலேசான பகுதி முதல் ஓரிரு நாட்களில் ஆவியாக, எஞ்சியது அலைகளால் கடையப்பட்டு, நீரைத் தன்னுள் ஏற்று, பனங்களிபோலச் செம்மஞ்சள் கலந்த கபில நிறத்துடன் தடித்துப் போகும். அந்நிலையில் அதன் கனவளவு முன்னிருந்ததைப்போல் மூன்று நான்கு மடங்காகப் பெருகுகின்றமையால், ஆயிரம் தொன் கொட்டிற்று என்று கேள்விப்பட்டவர் மூவாயிரம் தொன்னை அள்ளுவதற்கு ஆயத்தமாக வேண்டும். கப்பல்கள் தம் இயந்திரங்களுக்கு எரிக்கும் கனத்த உலை எண்ணெயோ எளிதில் ஆவியாவதுமில்லை, கரைவதுமில்லை. மாதக்கணக்கில் கரையிலே ஒட்டிக் கிடக்கும். எண்ணெய்க் கப்பல் வராத கடல் பயமற்ற கடல் என்று எண்ணுவது இதனாலே பிழையாகிறது. அரிசி ஏற்றிய கப்பலும் தன் வயிற்றிலே நூற்றுக்கணக்கான தொன் எரிபொருளைக் கொண்டுதான் ஓடுகிறது.

இத்தகைய அனர்த்தங்களுக்கு முன்கூட்டியே திட்டம் வகுக்க வேண்டும் என்ற அறிவு உலகத்துக்கு நஷ்டத்தினாலே வந்தது. 1967 மார்ச்சு 18ஆந் திகதி இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் ‘டொரி கன்யன்’ என்னும் எண்ணெய்க் கப்பல் பாறையில் மோதி, ஏறக்குறைய 119,000 தொன் எண்ணெயுடன் உடைந்தபோது, என்ன செய்வதென்று யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. கப்பலின்மீது விமானங்களால் குண்டு வீசினார்கள். கரையிலே கடுமையான சலவை இரசாயனங்களைத் தாராளமாகக் கொட்டினார்கள். கரைவாழ் ஜீவராசிகளுக்கு எண்ணெய் செய்த கேட்டிலும் அந்த இரசாயனங்கள் செய்த கேடே அதிகம் என்பது பின்னர் புலப்பட்டது. அவ்விபத்தின் பின்னரே, கப்பல் உரிமையாளரின் பொறுப்பை வரையறுக்கும் 1969ஆம் ஆண்டு உடன்படிக்கையும், நஷ்டஈட்டு நிதியை நிறுவிய 1971ஆம் ஆண்டு உடன்படிக்கையும், கப்பல்களால் கடல் மாசுறுவதைத் தடுக்கும் 1973ஆம் ஆண்டு உடன்படிக்கையும் பிறந்தன. ஒவ்வொரு நாடும் எண்ணெய்க் கசிவுக்கென ஒரு தேசியத் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்று விதித்த 1990ஆம் ஆண்டு உடன்படிக்கைக்கு ‘எக்ஸ்சன் வல்டெஸ்’ காரணமாயிற்று.

இலங்கையில் இவ்விஷயத்துக்குப் பொறுப்பானது கடல்சார் சுற்றாடல் பாதுகாப்பு அதிகாரசபை. 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்த் தோன்றிய முன்னைய சபையின் வழித்தோன்றலாய், 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தினால் அது இன்றைய உருவத்தைப் பெற்றது. தேசிய எண்ணெய்க் கசிவு அவசரத் திட்டம் அதன் கையிலுள்ளது. கடற்படை, கரையோரக் காவல் திணைக்களம், விமானப்படை, துறைமுக அதிகாரசபை, நீரியல் ஆராய்ச்சி நிறுவனமாகிய நாரா, அனர்த்த முகாமைத்துவ நிலையம், மாவட்டச் செயலகங்கள் என்பவற்றுக்கு அத்திட்டத்திலே தத்தம் கடமைகள் உண்டு. உலகெங்கும் கையாளப்படும் தத்துவம் மூன்று படிகளைக் கொண்டது: துறைமுகத்துக்குள் ஒரு படகிலிருந்து டீசல் சிந்தினால் அத்துறைமுகமே தன் கையிருப்பைக் கொண்டு அடக்க வேண்டும், அதற்கு மிஞ்சினால் தேசத்தின் வளங்கள் வரவேண்டும், தேசத்தையும் மிஞ்சினால் அயல்நாடுகளையும் சர்வதேச நிறுவனங்களையும் அழைக்க வேண்டும். ‘நியூ டயமண்ட்’ தீயில் இந்தியக் கப்பல்கள் வந்தமை மூன்றாம் படிக்கு உதாரணம். முதற்படிக்கு உதாரணம் தேட நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. தடுத்து வைக்கப்பட்ட இழுவைப் படகுகள் மயிலிட்டித் துறைமுகத்தை அடைத்துக் கிடக்கின்றன என்பது அவ்விடத்து மீனவர்களின் நெடுநாள் முறைப்பாடு. அவற்றிலொன்று அமிழ்ந்து, தாங்கியில் எஞ்சிய டீசல் வெளியேறினால், அதைத் தடுக்கும் மிதவை வேலி கொழும்பிலிருந்து வந்து சேர ஒரு பகலாவது செல்லும்.

மிதவை வேலி என்பது நீருக்குமேல் மிதக்கும் உருளையும், நீருக்குக் கீழே தொங்கும் பாவாடையும் கொண்ட நீண்ட தடுப்பு. அதனை ஆற்றுக்குக் குறுக்கே அணை கட்டுவதுபோல நேராக இழுத்துக் கட்டினால் பயன் இல்லை. நீரோட்டம் மணிக்கு 0.7 கடல் மைலைத் தாண்டியதும் எண்ணெய் பாவாடையின் கீழே புகுந்து மறுபக்கம் போய்விடும். ஆகவே அதனைச் சரிவாக வைத்து, எண்ணெயை ஓட்டம் குறைந்த ஒரு மூலைக்கு நடத்திச் சென்று, அங்கே உறிஞ்சும் கருவியால் அள்ள வேண்டும். எந்த வாய்க்கு எவ்வளவு நீளமான வேலி வேண்டும், அதன் இரு முனைகளையும் எந்த மரத்தில் அல்லது எந்தக் கட்டையில் பிணைப்பது, வற்று எப்போது, பெருக்கு எப்போது என்பனவற்றை விபத்து நாளில் போய் அளந்துகொண்டிருக்க முடியாது. எண்ணெயைச் சிறு துளிகளாக்கி நீருக்குள் கலைக்கும் இரசாயனங்கள் ஆழ்கடலில் உதவும். நமது பாக்குக் குடாவிலோ ஆழம் பத்துப் பன்னிரண்டு மீற்றர் அளவே ஆதலால், கலைந்த எண்ணெய் முழுவதும் கடற்புல்லின்மேலும், அதை மேயும் கடற்பசுவின்மேலும், இறாற்குஞ்சுகளின்மேலும் படியும். கொழும்புக்கு அப்பால் மருந்தாகக்கூடியது இங்கே விஷமாகும்.

எல்லாக் கரையையும் ஒரே நேரத்தில் காப்பாற்ற எந்த நாட்டாலும் இயலாது. எதனை முதலில் காப்பது, எதனைக் கைவிட்டுப் பின்னர் கழுவிக்கொள்வது என்ற தீர்மானமே திட்டத்தின் உயிர். இதற்காகக் கரைகளை 1 முதல் 10 வரை தரம் பிரிப்பர்: அலை மோதிக் கழுவும் பாறைக்கரை முதலாவது, சேறும் கண்டலும் கடைசி. பாறையிலிருந்து கடல் தானே எண்ணெயைக் கழுவிவிடும். கண்டல் வேரில் படிந்ததை மனிதராலும் எடுக்க முடியாது, கடலாலும் எடுக்க முடியாது. இவ்வளவுகோலால் நமது குடாநாட்டைப் பார்ப்போம். காங்கேசன்துறையிலிருந்து பருத்தித்துறை வரையுள்ள சுண்ணக்கற் கரை பெரும்பாலும் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். கரைவலை இழுக்கும் வடமராட்சி கிழக்கின் நெடுமணல், வருத்தத்தோடாயினும் துப்புரவாக்கப்படக் கூடியது. ஆனால் தீவகங்களுக்கு நடுவேயும் குருநகர், பாசையூர்க் கரைகளிலும் பரந்து கிடக்கும் யாழ்ப்பாணக் கடல்நீரேரி, சிறகுவலையும் நண்டும் இறாலும் புதிய கடலட்டைப் பண்ணைகளுமாக ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் போஷிக்கும் அந்த ஆழமற்ற நீர், ஒருமுறை எண்ணெய் புகுந்தால் பல்லாண்டு மீளாது. மீன் விலகி ஓடும். வேலிக்குள் வளரும் கடலட்டை எங்கே ஓடும்?

ஆதலின் நீரேரிகளின் வாய்களே முதலிற் காக்கப்பட வேண்டியவை. தொண்டைமானாற்றில் அதற்கான வசதி ஏற்கெனவே ஓரளவு உண்டு: உவர்நீர் புகாமல் தடுப்பதற்காக அமைக்கப்பட்ட தடுப்பணையின் கதவுகள் உரிய நேரத்தில் இறக்கப்பட்டால், எண்ணெயும் வாசலிலே நின்றுவிடும். அக்கதவுகளுக்குப் பொறுப்பான உத்தியோகத்தருக்கு நள்ளிரவில் யார் தொலைபேசி எடுப்பது என்று எழுதி வைப்பதற்குப் பணம் ஒன்றும் செலவாகாது. மாரியில் மாத்திரம் வாய் திறக்கும் சுண்டிக்குளத்துக்கு மணற்றடை ஒன்றே பாதுகாப்பு. பல வாய்களையுடைய பெரிய நீரேரிக்கோ, மண்டைதீவுக்கும் பூநகரிக்கும் இடையிலும் ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையிலும் வேலி வைக்கக்கூடிய இடங்கள் முன்கூட்டியே குறிக்கப்பட வேண்டும்.

கரைக்கு வந்துவிட்ட எண்ணெயை அகற்றுவது கைவேலை. கனரக இயந்திரத்தை மணலில் இறக்கினால் அதன் சில்லுகள் மேலே கிடந்த எண்ணெயை ஒரு முழ ஆழத்துக்கு அழுத்திவிடும். பிறகு அது ஒவ்வொரு சோளகத்திலும் ஒவ்வொரு வாடையிலும் வெளிவந்துகொண்டேயிருக்கும். தட்டை மண்வெட்டியால், எண்ணெய் படிந்த மேற்படையை மாத்திரம் சீவி, தடித்த பைகளில் பாதியளவே நிரப்பி, ஒருவரிடமிருந்து ஒருவர் கைமாற்றி, ஒரே பாதை வழியாகக் கொண்டு செல்ல வேண்டும். கண்ட கண்ட வழியால் நடந்தால் எண்ணெய் காலிலே ஏறி ஊருக்குள் வந்துவிடும். புது எண்ணெயின் ஆவி நச்சுத் தன்மையுள்ளது. கையுறையும் சப்பாத்தும் இல்லாதவரை, அவர் எத்தனை ஆர்வமுள்ளவராயினும், இறங்க விடலாகாது. 2017 ஜனவரி 28ஆந் திகதி சென்னையை அடுத்த எண்ணூரில் இரு கப்பல்கள் மோதியபோது, வாளிகளோடு கரையில் நின்று கரிய சேற்றை அள்ளிய மாணவரையும் மீனவரையும் நாம் படங்களிலே பார்த்தோம். அவர்களுடைய தைரியம் போற்றத்தக்கது; அவர்களை வெறுங்கையோடு நிற்கவைத்த ஆயத்தமின்மை போற்றத்தக்கதன்று. மொறீசியசில் 2020 ஜூலை 25ஆந் திகதி பவளப்பாறையில் ஏறிய ‘வகாஷியோ’ என்னும் கப்பல், பன்னிரண்டு நாள் அங்கேயே கிடந்து, ஓகஸ்ட் 6ஆந் திகதி வெடிப்புற்று, ஏறக்குறைய ஆயிரம் தொன் எரிபொருளைக் கக்கிற்று. அந்தப் பன்னிரண்டு நாட்கள் வீணாயின. பின்னர் அத்தீவின் மக்கள் கரும்புச் சருகை வலைகளில் திணித்துத் தைத்துத் தாமே மிதவை வேலி செய்தார்கள். தென்னந்தும்பும் வலையும் பின்னற்கையும் நம்மிடமும் உண்டு. அவற்றைப் பிரயோகிக்கும் பயிற்சிதான் வேண்டும்.

அள்ளிய எண்ணெய் மணலை எங்கே வைப்பது என்பது திட்டங்களிலே கடைசிப் பக்கத்தில் வரும் கேள்வி. குடாநாட்டிலே அது முதற் பக்கத்தில் வரவேண்டும். ஆறில்லாத நமது மண் சுண்ணக்கல்லின்மேல் கிடக்கிறது. மேலே ஊற்றியது வெடிப்புக்கள் வழியே இறங்கிக் கிணற்றுக்குப் போய்விடும். சுன்னாகத்து மின்நிலையத்தின் அயலிலே கிணறுகளில் எண்ணெய் கலந்து, வீட்டுக் கிணற்றை வைத்துக்கொண்டே மக்கள் பவுசரில் வந்த தண்ணீருக்குக் காத்து நின்றதும், 2019இல் உயர் நீதிமன்றம் மின்னுற்பத்தி நிறுவனமொன்றை இரண்டு கோடி ரூபா நஷ்டஈடு செலுத்துமாறு பணித்ததும் பழங்கதையல்ல. கடற்கரையைக் காப்பாற்றுகிறோம் என்று எண்ணெய் மணலை வெறுங்காணியிலே புதைத்தால், கடலுக்கு வந்த நோயைக் கிணற்றுக்கு மாற்றினவர்களாவோம். அடியிலே நீர்புகாத விரிப்பிட்டு, மேலே மூடி, தற்காலிகமாகச் சேர்த்து வைக்கக்கூடிய ஓரிரு இடங்களை இன்றே தெரிந்து, பின்னர் அதைக் குடாநாட்டுக்கு வெளியே கொண்டுசெல்லும் ஒழுங்கையும் செய்து வைக்க வேண்டும்.

சாதனங்களுக்கு மேலாக வேண்டப்படுவது காலத்தே செய்யும் தீர்மானம். 2021 மே மாதத்தில் ‘எக்ஸ்பிரஸ் பேர்ள்’ கப்பலின் ஒரு கொள்கலனிலிருந்து நைத்திரிக் அமிலம் கசிவது 11ஆந் திகதியளவிலேயே தெரிந்திருந்தது. கட்டாரின் ஹமாட் துறைமுகத்திலும் இந்தியாவின் ஹசீராத் துறைமுகத்திலும் அக்கொள்கலனை இறக்க இடம் கிடைக்கவில்லை. கொழும்புக்கு அப்பால் வந்து நின்ற கப்பல் 20ஆந் திகதி தீப்பற்றி, ஜூன் 2ஆந் திகதி ஆழ்கடலுக்கு இழுக்கும்போது பின்பக்கம் தரைதட்டி அமிழ்ந்தது. ஏறக்குறைய 1,680 தொன் பிளாஸ்ரிக் குருணிகள் மேற்குக் கரையெங்கும் பரந்தன, மீன்பிடி தடைசெய்யப்பட்டது. 2025 ஜூலை 24ஆந் திகதி உயர் நீதிமன்றம் நூறு கோடி அமெரிக்க டொலர் நஷ்டஈடு செலுத்துமாறு கப்பற்றரப்பினருக்குக் கட்டளையிட்டது. கட்டளையிடுதல் வேறு, பணம் மீனவன் கைக்கு வருதல் வேறு என்பதை வழக்குகளில் அநுபவப்பட்டவர்கள் அறிவர்.

நஷ்டஈட்டு முறையை நம் மீனவர் இப்போதே அறிந்திருத்தல் நன்று. எண்ணெய்த் தாங்கிக் கப்பலிலிருந்து மசகெண்ணெயோ உலை எண்ணெயோ கொட்டினால், 1992ஆம் ஆண்டு உடன்படிக்கைகளின் கீழ், உரிமையாளரின் காப்புறுதியும் அதற்கு மேலே சர்வதேச நிதியும் பணம் கொடுக்கும். இலங்கை அவ்வுடன்படிக்கைகளில் அங்கம் வகிக்கிறது. கொள்கலன் கப்பலுக்கும் கடலடிக் குழாய்க்கும் அந்நிதி உதவாது. நஷ்டம் நேர்ந்து மூன்று வருடத்துக்குள் உரிமை கோரி வழக்கிடாவிட்டால் உரிமை போய்விடும். எல்லாவற்றிலும் முக்கியமாக, இழந்த வருமானம் அத்தாட்சியால் நிரூபிக்கப்பட வேண்டும். ‘நாளுக்கு இவ்வளவு பிடிப்பேன்’ என்று வாயாற் சொல்வதை எந்த நிதியும் ஏற்பதில்லை. விற்ற பற்றுச்சீட்டு, சங்கத்தின் பேரேடு, படகின் பதிவு, வலை வாங்கிய கணக்கு என்பனவே அங்கே பேசும்.

ஆகவே யாழ்ப்பாண மாவட்டச் செயலகம் ஆண்டுதோறும் வாடை தொடங்குமுன், பெயரளவில் அன்றி உண்மையாகவே, கடற்படையும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களும் சேர்ந்த ஒரு பயிற்சியை நீரேரியின் ஒரு வாயிலாவது நடத்த வேண்டும். காங்கேசன்துறையிலும் காரைநகரிலும் மிதவை வேலியும் கையுறையும் பைகளும் களஞ்சியத்தில் இருத்தல் வேண்டும். எண்ணெய் மணலுக்குரிய இடம் வரைபடத்தில் குறிக்கப்படல் வேண்டும். இவற்றைக் கேட்டுப் பெறுவது சமாசங்களின் கடமை. யாரையும் கேளாமலே நாம் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு: ஒவ்வொரு படகுக்காரரும் ஒவ்வொரு பண்ணைக்காரரும் அன்றன்று பிடித்ததையும் விற்றதையும் திகதியிட்டு ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள், மாதமொருமுறை சங்கத்தின் முத்திரையை அதிலே பெற்றுக்கொள்ளுங்கள்.